உறையாத தண்ணீர் எங்கே, கழுகு அங்கே

ஜனவரி மாதம், காலை ஏழரை மணி. அயோவா மாநிலத்தில் லெக்ளேர் என்ற சிற்றூருக்குக் கொஞ்சம் தள்ளி, மிசிசிப்பி ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வெளியே மைனஸ் 17 டிகிரி செல்சியஸ். ஆறு பெரும்பாலும் வெள்ளையாக உறைந்து கிடந்தது. எதிரே அணைக்குக் கீழே மட்டும் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. அடுப்பில் வைத்த அண்டாவிலிருந்து கிளம்புவதுபோல் அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புதான் உறையாத தண்ணீர். கரையில் இலையெல்லாம் கொட்டிப்போன மரங்கள். கிளைக்குக் கிளை மூட்டை கட்டி வைத்ததுபோல் ஏதோ தெரிந்தது. பைனாகுலரை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வரை வந்தபோது நாலைந்து எழும்பி இடம் மாறின, கணக்கு விட்டுப்போயிற்று.

அத்தனையும் வெண்தலைக் கழுகுகள். அமெரிக்க டாலர் நோட்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கும் அதே பறவை. அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த குளிர்காலம் அது. பின் இருக்கையில் இருந்தவர், கையுறையைக் கழற்றாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊரில் கருடன் வட்டமிடுவதைப் பார்த்தால் எப்படிச் செய்வாரோ, அப்படியே.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம். "இவ்வளவு குளிர்லயா இதெல்லாம் இங்க வந்து உக்காந்திருக்கு? வேற இடமே கிடைக்கலையா?"

கிடைக்கவில்லை என்பதுதான் பதில். எதனால் என்று புரிந்துகொண்டால், எந்த மாநிலத்தில் இருந்தாலும், யாரையும் கேட்காமலே கழுகு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பெயர்

ஆங்கிலத்தில் இதற்கு 'பால்டு ஈகிள்' என்று பெயர். கேட்டவுடன் மொட்டைக் கழுகு என்று தோன்றும். தலையில் ஒரு மொட்டையும் கிடையாது, முழுக்க அடர்த்தியான வெள்ளை இறகுகள். பழைய ஆங்கில வழக்கில் அந்தச் சொல்லுக்கு வெள்ளை என்றொரு பொருள் உண்டு, பெயர் அதிலிருந்து வந்தது. ஆகவே தமிழில் வெண்தலைக் கழுகு என்பதே சரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஊர்ப்பக்கத்தில் கழுகு என்றால் சிலர் செத்த மாட்டைத் தின்னும் பறவையை நினைப்பார்கள். அதைப் பறவை ஆர்வலர்கள் பாறு என்று சொல்கிறார்கள், அது வேறு வகை. வெண்தலைக் கழுகு கடற்கழுகு வகையைச் சேர்ந்தது, மீன்தான் அதன் முதன்மை உணவு. கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்து இந்தக் கடற்கழுகுகளுக்கு நெருங்கிய சொந்தம். அதுவும் வெள்ளைத் தலை, அதுவும் தண்ணீர்ப் பக்கம், அதுவும் மீன் என்றால் விடாது. ஆகவே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டதில் தப்பே இல்லை.

உருவத்தில்தான் பெரிய வித்தியாசம். செம்பருந்து அரை கிலோ அளவில் இருக்கும். வெண்தலைக் கழுகு 3 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு மேலும் போகும், சிறகை விரித்தால் முனைக்கு முனை 2 மீட்டர் சொல்லலாம். பெண் கழுகு ஆணைவிடப் பெரிது. ஜோடியாக ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தால் இது வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஏன் குளிர்காலம்?

கோடையில் இந்தக் கழுகுகள் கனடாவிலும், மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற வடக்கு மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கான ஏரிகளில் பிரிந்து கிடக்கும். ஒரு ஜோடிக்கு ஓர் எல்லை, அதற்குள் வேறு கழுகு வந்தால் சண்டை. அதனால் கோடையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் இரண்டோ மூன்றோதான் கண்ணில் படும்.

நவம்பர், டிசம்பரில் ஏரிகள் உறைகின்றன. மீன் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் ஒரு சாண், இரண்டு சாண் கனத்துக்குப் பனிக்கட்டி மூடி. கழுகால் அதை உடைக்க முடியாது. தண்ணீருக்குள் மூழ்கிப் பிடிக்கும் பறவையும் அது இல்லை. மேற்பரப்பை உரசிக்கொண்டு பறந்து, மேலாக வரும் மீனைக் காலால் அள்ளும். மேற்பரப்பே மூடிவிட்டால் கடையை மூடிய மாதிரிதான். கிளம்பித் தெற்கே வருகிறது.

எவ்வளவு தூரம் வரும்? சாப்பாடு கிடைக்கும் தூரம் வரைதான். உறையாத தண்ணீர் முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கேயே தங்கிவிடும். மெக்சிகோ வரை போகவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, உடம்பு முழுக்கப் பல ஆயிரம் இறகுகள். கால் மட்டும்தான் வெறுங்கால். அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. உடம்பிலிருந்து காலுக்கு இறங்கும் சூடான ரத்தமும், காலிலிருந்து மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் ஒன்றையொன்று ஒட்டிய குழாய்களில் ஓடுகின்றன. இறங்குகிற ரத்தத்தின் சூடு ஏறுகிற ரத்தத்துக்குப் போய்விடும், வெளியே வீணாவது குறைவு. விரல்களில் சதையும் குறைவு, பெரும்பாலும் தசைநாண்தான். அதனால் பனிக்கட்டியின் மேல் மணிக்கணக்கில் நின்றாலும் கழுகுக்குக் கால் மரத்துப்போவதில்லை.

இனி அணைக்கு வருவோம். மிசிசிப்பியின் மேல்பகுதி நெடுக, சரக்குப் படகுகள் போய்வருவதற்காக வரிசையாக அணைகள் கட்டியிருக்கிறார்கள், பெரும்பாலானவை 1930களில் கட்டியவை. படகை ஏற்றி இறக்கும் தொட்டியும் அணையும் சேர்ந்திருப்பதால் 'லாக் அண்ட் டேம்' என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். லெக்ளேர் பக்கத்தில் இருப்பது 14. கொஞ்சம் கீழே ராக் ஐலண்டில் இருப்பது 15. மதகு வழியே தண்ணீர் கொட்டிக் கொந்தளித்துக்கொண்டே இருப்பதால் அணைக்குக் கீழே பனிக்கட்டி படர முடிவதில்லை. சுற்றிலும் எல்லாம் உறைந்து கிடக்கும்போது இங்கே மட்டும் சில நூறு மீட்டருக்குத் திறந்த தண்ணீர்.

அதில் சாப்பாடும் தானாகவே வருகிறது. மிசிசிப்பியில் கிசர்டு ஷாட் என்றொரு மீன் உண்டு. நம் மத்தி வகையறாவோடு சேர்ந்தது, வெள்ளி நிறம், சின்னது. அதற்குக் குளிர் தாங்காது. தண்ணீர் சட்டென்று குளிர்ந்தால் கூட்டம் கூட்டமாக மயங்கும், சாகும். மதகு வழியே அடித்துக்கொண்டு வருகிற மீனும் தலைசுற்றிப்போய் மேலே மிதக்கும். கழுகு செய்யவேண்டியதெல்லாம் மரத்திலிருந்து இறங்கி அள்ளிக்கொண்டு போவதுதான். ஒரு வேட்டைக்கு ஆகும் செலவு குறைவு, கிடைப்பது நிச்சயம். குளிர்காலத்தில் கழுகின் ஒரு நாள் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. குளிர் எவ்வளவு கடுமையோ, கழுகு பார்க்க அவ்வளவு நல்லது. பத்து நாள் விடாமல் மைனஸ் 10க்குக் கீழே இருந்தால், சுற்றியிருக்கும் சின்ன ஆறு, குளம் எல்லாம் மூடிக்கொள்ளும், எல்லாக் கழுகும் அணையடிக்கு வந்து சேரும். குளிர் குறைந்த வருடங்களில் "இந்த வருஷம் கழுகே இல்லையே" என்று நண்பர்கள் வருத்தப்படுவார்கள். கழுகு குறையவில்லை, ஆறு முழுக்கத் திறந்திருப்பதால் நெடுகிலும் பரவி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் போவதற்கு முன் பார்ப்பது கழுகுச் செய்தியை அல்ல, கடந்த ஒரு வாரத்தின் வெப்பநிலையை.

ஒரு மீன், பதினைந்து நிமிடம்

அன்று காலை ஒரு கழுகை மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்ற பெரிய காட்டன்வுட் மரத்தில் உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. லேசாக முன்னால் குனிந்தது, பின்பக்கம் பீய்ச்சி எச்சமிட்டது. பெரிய பறவைகள் கிளம்புவதற்கு முன் அடிக்கடி இப்படிச் செய்யும், கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்தவுடன் தயாராகிவிடுவார்கள். அடுத்த நொடி கிளையிலிருந்து நழுவியது. சிறகை அடிக்கக்கூட இல்லை, சரிவில் சைக்கிள் விட்டதுபோல் இறங்கி வந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் சமனாகி, மஞ்சள் கால்களை முன்னே நீட்டி, ஒரே ஒரு கீறல். தண்ணீர் லேசாகத் தெறித்தது. காலில் வெள்ளியாக ஒரு மீன்.

உடனே இரண்டு இளங்கழுகுகள் துரத்த ஆரம்பித்தன. கழுகுக் கூட்டத்தில் இது எப்போதும் நடப்பது. தானாகப் பிடிப்பதைவிட, பிடித்தவனிடம் பிடுங்குவது பல நேரம் சுலபம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784ல் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பறவைக்கு நல்ல குணமில்லை, நேர்மையாகப் பிழைப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டது இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான். எனக்கு அந்தக் குறை ஏற்பில்லை. அனுபவமில்லாத, ஒரு வயதுகூட ஆகாத கழுகு தன் முதல் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். கிடைக்கிற வழியில் சாப்பிடாவிட்டால் அது செத்துப்போகும். இங்கே வரும்போதெல்லாம் நான் அதிகம் பார்ப்பது அந்த இளங்கழுகுகளைத்தான்.

நான் பார்த்த கழுகு பிடி கொடுக்கவில்லை. ஆற்றில் மெதுவாக மிதந்து வந்த ஒரு பனிப்பாளத்தின் மேல் போய் இறங்கியது. ஒரு காலால் மீனை அமுக்கிக்கொண்டு கிழித்துச் சாப்பிட ஆரம்பித்தது. பாளம் ஆற்றோடு போய்க்கொண்டே இருந்தது, கழுகும் அதன் மேல் போய்க்கொண்டே சாப்பிட்டது. பதினைந்து நிமிடத்தில் எங்களைத் தாண்டிக் கீழே போய்விட்டது. முடித்துவிட்டு அலகை இரண்டு பக்கமும் பனிக்கட்டியில் தேய்த்துத் துடைத்தது. நாம் கத்தியைச் சாணை பிடிப்போமே, அதுபோல. பிறகு எழும்பிப் பழைய மரத்துக்கே திரும்பியது. அதன் நெஞ்சு கொஞ்சம் புடைத்திருந்தது. தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பை நிறைந்தால் அப்படித் தெரியும். அதன் பிறகு மதியம் வரை அது அசையவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். கழுகு என்றால் பறந்துகொண்டே இருக்கும் என்று நினைத்து வருவார்கள். குளிர்காலக் கழுகு நாளின் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான், உடம்புச் சூட்டைச் சேமிக்கிற வேலை.

எல்லாக் கழுகுக்கும் தலை வெள்ளை இல்லை

வெள்ளைத் தலையும் வெள்ளை வாலும் வர நாலைந்து வருடம் ஆகும். முதல் வருடக் குஞ்சு முழுக்கக் கரும்பழுப்பு, அலகும் கறுப்பு, கண்ணும் பழுப்பு. ஆனால் உருவத்தில் தாய் தகப்பன் அளவுக்கே இருக்கும். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் வயிற்றிலும் முதுகிலும் சுண்ணாம்பைத் தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் வரும். பார்க்கக் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். நாலாம் வருடத்தில் தலை அழுக்கு வெள்ளையாகி, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். அலகும் கண்ணும் மஞ்சளாகிக்கொண்டு வரும். ஐந்தாம் வருடத்தில் படத்தில் பார்க்கிற கழுகு.

இளங்கழுகைப் பார்த்துப் பொன்னிறக் கழுகு என்று பலர் சொல்லிவிடுவார்கள். அதுவும் அமெரிக்காவில் உண்டு, ஆனால் மிசிசிப்பிக் கரையில் அபூர்வம். பக்கத்தில் தெரிந்தால் காலைப் பாருங்கள். பொன்னிறக் கழுகுக்கு விரல் வரை இறகு, காலுறை போட்டதுபோல. வெண்தலைக் கழுகுக்குக் காலின் கீழ்ப்பகுதி வெறுமையாக மஞ்சளாக இருக்கும்.

தூரத்தில் பறக்கும்போது தலை நிறம் தெரியாது, சிறகைத்தான் பார்க்க வேண்டும். வெண்தலைக் கழுகு சிறகைப் பலகை மாதிரி நேராக விரித்து ஆடாமல் போகும். வட அமெரிக்காவில் எங்கும் காணப்படும் வான்கோழிப் பாறு சிறகைக் கொஞ்சம் மேலே தூக்கி, பக்கத்துக்குப் பக்கம் தள்ளாடும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சினிமாவில் கழுகைக் காட்டும்போது நீளமாக, கரகரப்பாக ஒரு கத்தல் வருமே, அது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். வெண்தலைக் கழுகின் சொந்தக் குரல் மெல்லியது, "கிகிகிகி" என்று சின்ன விசிலை விட்டுவிட்டு ஊதுவதுபோல் இருக்கும். அமைதியான காலையில், உறைந்த ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது கேட்கும்போது, எனக்கு அந்தச் சினிமாக் கத்தலைவிட இதுவே பிடித்திருக்கிறது.

எப்படிப் பார்ப்பது

விடிந்தவுடன் போய்விடுங்கள். காலை பத்து மணி வரைதான் மீன்பிடி மும்முரம். மதியம் நல்ல வெயில் இருந்தால் சூடான காற்றில் ஏறி வட்டமடிக்கும், அது வேறு அழகு. மாதம் என்று கேட்டால் மிசிசிப்பிப் பக்கம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. பிப்ரவரி கடைசியில் பனி உடைய ஆரம்பித்ததும் வடக்கே திரும்பிவிடும். இங்கேயே கூடு கட்டும் ஜோடிகள் அதற்குள் முட்டையிடத் தயாராகிவிடும்.

பைனாகுலர் 8க்கு 42 அளவு போதும், அதாவது 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். 10 மடங்கு வாங்கினால் குளிரில் கை நடுங்கும்போது படம் ஆடும். ஆரம்பத்தில் எதையும் வாங்காமலே போகலாம். ஜனவரியில் ஆற்றங்கரை ஊர்களில் கழுகுத் திருவிழா நாட்கள் நடக்கும், தன்னார்வலர்கள் பெரிய தொலைநோக்கியை நிறுத்தி வைத்திருப்பார்கள், வருபவர் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அதில் ஒருமுறை கழுகின் கண்ணைப் பார்த்துவிட்டால் அப்புறம் வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

காருக்குள்ளேயே இருங்கள். இது உங்கள் வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. ஆற்றங்கரைக் கழுகுகளுக்குக் கார் பழகிவிட்டது. மனிதன் இறங்கி இரண்டு காலில் நடந்தால் உடனே எழும்பிப் போகும். ஒவ்வொரு முறை அது வீணாகப் பறக்கும்போதும் காலையில் தின்ற மீனில் கொஞ்சம் கரைகிறது. அதுவும் மைனஸ் 20ல் அந்தச் செலவை ஈடுகட்ட இன்னொரு மீன் பிடிக்க வேண்டும். கழுகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்க ஆரம்பித்தால், நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். கதவை அறைந்து சாத்தாதீர்கள். பறக்கவைத்துப் படமெடுப்பதற்காகக் கைதட்டுவது, கல்லெறிவது, ட்ரோன் விடுவது எதுவும் கூடாது. 1940ல் வந்த கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவையைத் தொந்தரவு செய்வதே குற்றம்.

ஒரு சின்ன நுணுக்கம். ஹீட்டரை முழுக்கப் போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கிப் பார்த்தால், உள்ளிருந்து வெளியேறும் சூடான காற்றில் எல்லாம் கானல் மாதிரி நெளியும். லென்ஸ் சரியில்லையோ என்று நான் முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஹீட்டரை அணைத்து, ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைத்து, உள்ளும் வெளியும் ஒரே குளிரான பிறகு பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதற்கு ஏற்றபடி உடுத்திக்கொண்டு போக வேண்டும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், கம்பளி சாக்ஸ். ஃபோனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி நின்றுவிடும். ஃபிளாஸ்க்கில் டீ இருந்தால் மனிதர்கள் பொறுமையாக இருப்பார்கள்.

கீழே விழுந்து கிடக்கும் கழுகு இறகைக் குழந்தைகள் ஆசையாக எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. இறகு ஒன்றை வைத்திருப்பதுகூடச் சட்டப்படி தவறு. இறந்துபோன கழுகுகளையும் இறகுகளையும் கொலராடோவில் டென்வர் பக்கத்தில் ஓர் அரசுக் களஞ்சியத்தில் சேர்க்கிறார்கள். அங்கிருந்து அவை பூர்வகுடி அமெரிக்க மக்களின் சடங்குகளுக்காக அவர்களுக்கு அனுப்பப்படுகின்றன. கழுகை நாம் கும்பிடுவதற்கு இணையான மதிப்பை அவர்கள் அதற்குத் தருகிறார்கள். அதைச் சொன்னால் குழந்தைகள் இறகைக் கீழே போட்டுவிடுவார்கள், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

எங்கெல்லாம் போகலாம்

எனக்குத் தெரிந்த ஆறு மிசிசிப்பி. மேலே மினசோட்டாவில் வபாஷா என்ற ஊரில் தேசியக் கழுகு மையம் இருக்கிறது. ஆற்றின் அகலமான பகுதியான பெப்பின் ஏரியிலிருந்து தண்ணீர் வேகமெடுத்து வெளியேறும் இடத்துக்குக் கீழே அந்த ஊர் இருப்பதால், அங்கே அணை இல்லாமலே ஆறு உறைவதில்லை. அடிபட்டு, காட்டுக்குத் திரும்ப முடியாத கழுகுகளை மையத்துக்குள் வளர்க்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் அந்த அலகையும் நகத்தையும் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே ஆற்றில் இருப்பவற்றையும் பார்க்கலாம். குழந்தைகளோடு போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சிகாகோக்காரர்களுக்கு இல்லினாய் ஆற்றில் ஸ்டார்வ்டு ராக், விஸ்கான்சினில் இருப்பவர்களுக்குப் பிரெய்ரி டு சாக் அணை.

கிழக்குக் கரையில் மேரிலாந்தின் கோனோவிங்கோ அணை. அங்கே உச்சகட்டம் நவம்பர், ஜனவரிக்குக் காத்திருந்தால் பாதியை விட்டுவிடுவீர்கள். சஸ்குவஹானா ஆற்று மீன் அணையின் டர்பைன் வழியே அடிபட்டு வரும். காரணம் மிசிசிப்பியில் சொன்னதேதான்.

மேற்குக் கரையில் கதை கொஞ்சம் மாறுகிறது. சியாட்டிலுக்கு வடக்கே ஸ்காஜிட் ஆற்றில் அணை தேவையில்லை, சாமன் மீன்கள் போதும். சம் சாமன் எனும் வகை கடலிலிருந்து ஆற்றில் ஏறி, முட்டையிட்டு, அங்கேயே செத்துக் கரை ஒதுங்கும். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் அந்தச் செத்த மீனுக்காகக் கழுகுகள் கூடும். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்க்வாமிஷ் ஆற்றங்கரை பிராக்கண்டேலும் இதே மாதிரி. 1994 ஜனவரிக் கணக்கெடுப்பில் அங்கே 3,769 கழுகுகளை எண்ணினார்கள். அலாஸ்காவில் ஹெய்ன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் சில்கட் ஆறு இன்னும் விசேஷம். நிலத்தடியில் தேங்கிய, அவ்வளவாகக் குளிராத தண்ணீர் அங்கே ஆற்றுக்குள் ஊறுவதால் ஒரு பகுதி உறையாமல் இருக்கிறது, சாமனும் தாமதமாக வருகிறது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை ஆயிரக்கணக்கில் கூடும். 1982ல் அந்த இடத்தைக் கழுகுகளுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள்.

அணையடியோ, ஊற்றோ, ஆறு வேகமெடுக்கும் இடமோ, மின்நிலையம் வெந்நீர் விடும் வாய்க்காலோ, எல்லாவற்றிலும் தேடவேண்டியது ஒன்றுதான். உங்கள் ஊர் வரைபடத்தை எடுத்து, கடுங்குளிரில் எந்தத் தண்ணீர் உறையாது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் பெரிய மரங்களும் இருந்தால், ஒரு காலை போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

இவை இங்கே இருப்பதே பெரிய விஷயம்

ஒரு மரத்தில் பத்துக் கழுகு என்பது இன்று சாதாரணமாகிவிட்டது. 1963ல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக 48 மாநிலங்களிலும் சேர்த்துக் கூடு கட்டிய ஜோடிகள் 417 மட்டுமே. அதற்கு முன் அலாஸ்காவில் 1917 முதல் சுமார் 35 ஆண்டுகள், கழுகு சாமனைத் தின்கிறது என்று சொல்லி அதைக் கொல்பவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் செத்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது டிடிடி. கொசுவுக்கும் பயிர்ப் பூச்சிக்கும் அடித்த மருந்து மழையோடு ஆற்றுக்குப் போனது, சின்னப் பூச்சிகளுக்குள் போனது, மீனுக்குள் சேர்ந்தது, பல மீன்களைத் தின்ற கழுகுக்குள் குவிந்தது. கழுகு நேரடியாகச் சாகவில்லை. அதன் முட்டையின் ஓடு மெலிந்துபோனது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை அதன் எடையிலேயே நொறுங்கியது. வருடாவருடம் முட்டையிட்டு, வருடாவருடம் உடைத்துக்கொண்டிருந்த கழுகுகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து இந்தியாவின் பாறுகளை அழித்ததும் இப்படி ஒரு சுற்றுவழியில்தான்.

1972ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. கழுகுகள் மெதுவாகத் திரும்பி வந்தன. 2007ல் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2021ல் வெளியான அரசுக் கணக்கின்படி அந்த 48 மாநிலங்களில் சுமார் 3,16,700 கழுகுகள், 71,467 ஜோடிகள் கூடு கட்டுகின்றன. 1782லேயே அரசு முத்திரையில் ஏறிவிட்ட பறவை, சட்டப்படி தேசியப் பறவையானது 2024 டிசம்பரில்தான்.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. குளிர்காலத்தில் கழுகு மீனோடு நிறுத்திக்கொள்ளாது, வேட்டைக்காரர்கள் மான் சுட்டபின் காட்டில் விட்டுப்போகும் குடலையும் தின்னும். அதில் ஈயத் தோட்டாவின் துணுக்குகள் இருக்கும். 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைப் பரிசோதித்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், வெண்தலை, பொன்னிறம் இரண்டு வகையிலும் ஏறக்குறையப் பாதிக் கழுகுகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. செம்புத் தோட்டாவுக்கு மாறினால் இந்தத் தொல்லை நிற்கும். பல வேட்டைக்காரர்கள் தாங்களாகவே மாறி வருகிறார்கள், எல்லோரும் மாற வேண்டும் என்பது என் ஆசை.

அன்று சாயங்காலம் வரை இருந்துவிட்டோம். நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கும். ஆற்றங்கரை மரங்களிலிருந்து ஒவ்வொன்றாக எழும்பி, காற்று அடிக்காத ஒரு பள்ளத்தாக்கை நோக்கி எல்லாக் கழுகும் ஒரே திசையில் போயின. ராத்திரிக்கு ஒரே தோப்பில் கூட்டமாக அடையும். அம்மா இந்தத் தடவை எண்ணினார். அறுபத்திமூன்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது ஊரில் இருக்கிறார். பொங்கலுக்கு ஃபோன் செய்தால் குழந்தைகளை விசாரித்துவிட்டு, அடுத்ததாக அவர் கேட்பது, "ஆறு உறைஞ்சிருச்சா?"